டையை மாத்தறதுக்கு முன்னாடி

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டலை. தேர்வு, ஆய்வுக்கூடம், குளிர்னு வழக்கமான சாக்கு எல்லாமே கைவசம் இருக்கு. ஆனா உண்மையான காரணத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. வீட்டுக்காரத் தாத்தாவோட பேஸ்மென்ட்ல உட்கார்ந்து தோட்டாவோட நீளத்தை அளந்துக்கிட்டு இருந்தேன். :-)

பயந்துடாதீங்க மக்களே. நான் சுத்த சைவம், ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவன். முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன், ஏன்னா இங்க படிக்க வர்ற நம்ம பசங்க பலபேருக்கு இது தெரியாது. இந்த நாட்டுல துப்பாக்கிக் கடைக்குக் குறைவே இல்லைன்னாலும், நம்மள மாதிரி மாணவர் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறதுக்கு கூட்டாட்சிச் சட்டப்படி தடை. முக்கியமான விதிவிலக்கு ஒண்ணு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் முறையா கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில இருக்கணும். இன்னொரு விஷயம், சட்டத்தோட அர்த்தத்துல தோட்டான்னா முழுத் தோட்டா மட்டும் இல்ல. வெறும் பித்தளைக் கூடு, குண்டு, ப்ரைமர், மருந்து எல்லாமே தனித்தனியா அந்தக் கணக்குலதான் வரும். காலிக் கூட்டைக் கையில எடுத்துப் பார்க்கறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

அதனால வேட்டைக்குப் போற எண்ணமே இல்லாம வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க உரிமம் வாங்கணும்னா பொதுவா அந்தப் பயிற்சி கட்டாயம். பாஸ் பண்ணி, முயல் அணில் வகையறாவுக்கான சின்ன உரிமம் வாங்கினேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

இனி கதை. நான் மாடி அறையில வாடகைக்கு இருக்கேன். கீழ்வீட்டுல தாத்தா மட்டும். எழுபத்தொன்பது வயசு. பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு அவர் எத்தனையோ தடவை சொல்லிட்டார், எனக்கு வாய் வரலை. 'சார்'ல நிக்குது. அவர் என்னை 'கிட்'னு கூப்பிடுவார். கண்ணுல ஒண்ணு சரியில்லை, விரல்ல மூட்டுவலி. அவரோட மனைவி போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் தவறிட்டாங்க.

இந்த ஊர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பிக்கும். ஒன்பது நாள். நமக்குப் பொங்கல் மாதிரி வெச்சுக்குங்களேன். எல்லாரும் ஆரஞ்சு கலர் சட்டை போட்டுக்கிட்டுக் காட்டுக்குக் கிளம்பிடுவாங்க. தாத்தாகிட்ட இருக்கறது வின்செஸ்டர் 94, அவங்க அப்பா 1950-கள்ல வாங்கினது. ஜான் பிரௌனிங் வடிவமைச்சு 1894-ல வந்த லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். கௌபாய் படத்துல விசைக்குக் கீழே ஒரு வளையத்தை முன்னாடி தள்ளிப் பின்னாடி இழுப்பாங்களே, அதே ஜாதி. அதுக்கான தோட்டா .30-30, அது 1895-ல வந்தது. இன்னமும் விக்குது, இன்னமும் மான் விழுது.

அந்தத் தோட்டாவை அவங்க வீட்டுல கடையில வாங்கினதே இல்லையாம். சுட்டதுக்கு அப்புறம் மிஞ்சற பித்தளைக் கூட்டை எடுத்து, பிரெஸ்ஸுல அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு வெச்சு வீட்டுலயே திரும்பத் தயார் பண்ணிக்குவாங்க. ரீலோடிங். நாற்பது வருஷமா அந்த வேலையைச் செஞ்சது தாத்தா இல்ல, பாட்டி. "நான் சுடறவன். அவதான் செய்யறவ"ன்னு சொன்னார்.

பாட்டி போனதுக்கு அப்புறம், போன செப்டம்பர்ல, தானே முயற்சி பண்ணியிருக்கார். இருபது தோட்டா செஞ்சதுல ஆறேழு கழுத்துக்குக் கீழே வீங்கி, துப்பாக்கிக்குள்ளேயே போகலை. இன்னும் சிலதுல குண்டைக் கட்டைவிரலால அழுத்தினாலே உள்ள இறங்குது. மேலே வந்து கதவைத் தட்டினார். "கிட், நீ இன்ஜினீயரிங் தானே படிக்கிற?"

இந்தக் கேள்விக்கு 'ஆமா'ன்னு சொன்ன எந்தத் தமிழனும் உருப்பட்டதா சரித்திரம் இல்லை.

பிரச்னை என்னன்னா க்ரிம்ப். தீபாவளிக்கு அம்மா சோமாசி செய்வாங்க இல்லையா, பூரணத்தை வெச்சு மூடி ஓரத்தை மடிச்சு மடிச்சு அழுத்துவாங்களே, கிட்டத்தட்ட அதுதான். கூட்டோட வாயைச் சுத்தி லேசா உள்பக்கம் மடக்கி, குண்டு மேல இருக்கிற சின்னப் பள்ளத்துல பிடிக்க வைக்கறது. எல்லாத் துப்பாக்கிக்கும் இது அவ்வளவு முக்கியம் இல்ல. லீவர் ஆக்‌ஷனுக்கு ரொம்ப முக்கியம். காரணம் அதோட மேகசின். குழலுக்கு அடியில நீளமா ஒரு குழாய், அதுக்குள்ள தோட்டாங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரயில் பெட்டி மாதிரி நிக்கும். ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்கிறதோட ப்ரைமர் மேல முட்டிக்கிட்டு இருக்கும் (அதனாலதான் இந்தத் துப்பாக்கிக்கு மழமழன்னு தட்டையான மூக்கு இருக்கிற குண்டு). பின்னாடி தள்ள ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு தடவை சுடறப்பவும் துப்பாக்கி உதைக்கும், உள்ள இருக்கிற பெட்டிங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். பிடி சரியில்லைன்னா குண்டு கூட்டுக்குள்ள இறங்கிடும். தோட்டா குட்டையாச்சுன்னா தூக்கிக் கொடுக்கற அமைப்புல சிக்கும். உள்ள இடம் குறைஞ்சா அழுத்தமும் ஏறலாம். விளையாட்டு இல்லை.

நான் என்ன பண்ணினேன்? ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். பாட்டியோட டையைக் கழட்டிப் பார்த்தேன். குண்டை உட்கார வைக்கற டை, அதுக்குள்ளேயே வாயை மடக்கற ஒரு விளிம்பு. ஒரே அமுக்குல ரெண்டு வேலை. கறுத்துப்போன பழைய டை. மூணாவது நாள் கீழே போய், அகராதி மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு அறிவிச்சேன்: "சார், இந்த டை தேஞ்சு போச்சு. அளவு போயிருச்சு. புதுசு வாங்கிடலாம்."

தாத்தா ஒண்ணும் பேசலை. டையை வாங்கி விளக்குக்குப் பக்கத்துல பிடிச்சார். டையோட லாக் ரிங்குல இருந்து உடம்பு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. நகப்பூச்சு. பாட்டி ஒரு தடவை சரியான உயரத்துல நிறுத்தி, ரிங்கை இறுக்கி, நகர்ந்தா தெரியறதுக்காக அவங்க நகப்பூச்சாலேயே போட்ட அடையாளம். "இதை அவ 1988-க்கு அப்புறம் கழட்டினதே இல்லை"ன்னு மட்டும் சொல்லிட்டு, துணியில சுத்தி உள்ள வெச்சுட்டார். அன்னிக்கு வழக்கமா கேக்கற "காபி குடிக்கறியா"வும் இல்லை.

மாடிக்கு வந்து எனக்குத் தூக்கமே வரலை. நான் குறை சொன்னது ஒரு இரும்புத் துண்டை இல்லைன்னு லேட்டா உறைச்சுது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குப் பீளமேடு பக்கம் சின்ன லேத் பட்டறை. துப்பாக்கின்னு சொல்லாம, "பித்தளைக் குழாய், வாயை மடக்கற டை"ன்னு மட்டும் சொன்னேன்.

"ஏங்கண்ணு, டை தேஞ்சிருக்குன்னு எதை வெச்சுச் சொல்ற?"

"பீஸ் வீங்கி வருதுங்ப்பா."

"எல்லாமே வீங்குதா, சிலது மட்டுமா?"

"சிலதுதானுங். இன்னும் சிலது லூசா வருதுங்."

"டை தேஞ்சா எல்லாமே ஒரே மாதிரி கெட்டு வரும் கண்ணு. ஒண்ணு இறுக்கம், ஒண்ணு லூசுன்னா ஜாப்புல வித்தியாசம். டையை மாத்தறதுக்கு முன்னாடி ஜாப்பை அளந்தியா?"

அளக்கலை. ரெண்டு வருஷமா முதுகலை படிக்கறேன். அளக்கலை.

மறுநாள் தாத்தாகிட்ட அனுமதி கேட்டு, மிச்சம் இருந்த கூட்டையெல்லாம் டிஜிட்டல் கேலிப்பர்ல ஒவ்வொண்ணா அளந்தேன். .30-30 கூட்டோட அதிகபட்ச நீளம் 2.039 அங்குலம். எங்ககிட்ட இருந்தது 2.022-ல இருந்து 2.041 வரைக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறையில 'தவ்'னு சொல்லுவாங்களே, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அந்தக் கணக்குல 19 தவ் வித்தியாசம். கூடு சுடச்சுட, அமுக்க அமுக்க நீளும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு நீளும். போதாததுக்கு இதெல்லாம் பாட்டியோட கூடு இல்ல. தாத்தாவோட சிநேகிதர் ஒருத்தர் சுடுமைதானத்துல பொறுக்கின பலசரக்கு மூட்டை.

பாட்டியோட டையில மடக்கற விளிம்பு ஒரே உயரத்துல நிலையா இருக்கு. சரியான நீளக் கூடு வந்தா அழகா மடங்கும். நீளமான கூடு வந்தா சீக்கிரமே முட்டும், மேல போக இடமில்லாம மெல்லிசான பித்தளை கழுத்துக்குக் கீழே, தோள்ல வீங்கும். குட்டையான கூடு விளிம்பைத் தொடவே தொடாது, மடங்காது. ரெண்டு நோய்க்கும் ஒரே காரணம். இன்னொண்ணும் புரிஞ்சுது: குண்டைப் பிடிக்கற வேலையில பெரும்பங்கு கழுத்தோட இறுக்கத்துக்குத்தான், க்ரிம்ப் அதுக்குத் துணை. அளவுக்கு மீறி மடக்கினா கீழே கழுத்து விரிஞ்சு, இருக்கிற பிடியும் போயிடும்.

பாட்டியோட நோட்டைத் தாத்தா எடுத்துக் கொடுத்தார். சுருள் கம்பி போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் முதல் வரி: ட்ரிம், 2.029. அதாவது எல்லாக் கூட்டையும் முதல்ல ஒரே நீளத்துக்கு வெட்டிடணும். அதுக்கு அப்புறம்தான் மத்தது. முதல் தடவை புரட்டினப்ப அந்த வரியைத் தாண்டிப் போய் டை அளவைத் தேடினவன் நான்.

"சார், டை சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்"னு சொன்னேன். தலையை ஆட்டினார். காபி வந்துச்சு.

அப்ப எல்லாக் கூட்டையும் வெட்டிட்டா முடிஞ்சுது இல்லையான்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா பாட்டியோட டை சரியா வேலை செய்யணும்னா ஒவ்வொரு தடவையும் எல்லாமே ரெண்டு மூணு தவ்வுக்குள்ள ஒரே நீளமா இருந்தாகணும். எங்க மூட்டையில பாதி, வெட்டறதுக்கு முன்னாடியே 2.029-ஐ விடக் குட்டை. மே மாசம் நான் பட்டம் வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன். அதுக்கு அப்புறம் அந்த விரலும் கண்ணும் தனியா அறுபது கூட்டை அளந்து வெட்டணும். பிழை பொறுக்கற டை ஒண்ணு தேவை. இப்பத்தான், முதல் தடவையா, டையைத் தேர்ந்தெடுக்கற கேள்வியே நியாயமா வந்துச்சு.

வகை வகையா இருக்கு. டேப்பர் க்ரிம்ப் டை, வாயை மடக்காம லேசா சரிவா அமுக்கும்; .45 ஏசிபி, 9 மிமீ மாதிரி வாய் விளிம்புல நிக்கிற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பிறந்தது. எங்க .30-30 அடியில இருக்கிற ரிம்முல நிக்கிறது, அதனால அந்த நிர்ப்பந்தம் இல்ல. ரெட்டிங் கம்பெனியோட ப்ரொஃபைல் க்ரிம்ப் டை சரிவா ஆரம்பிச்சு மடிப்புல முடிக்கும், நல்ல பேர், ஆனா அது .357, .44 மேக்னம் மாதிரி நேர்க்கூட்டுத் தோட்டாவுக்கு. அந்த அளவு லீவர் ஆக்‌ஷன் வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும். கடைசியா லீ கம்பெனியோட ஃபேக்டரி க்ரிம்ப் டை. எங்க மாநிலத்துலயே, ஹார்ட்ஃபோர்ட்ல இருக்கிற கம்பெனி. இதுல ஒரு பொடி: அதே பேர்ல கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு விக்கறது உள்ளே வேற அமைப்பு, ஒரு கார்பைடு வளையம் தோட்டாவையே கடைசியா ஒரு தடவை அமுக்கி அனுப்பும். ரைஃபிளுக்கு விக்கறதுல இருக்கறது கோலெட். பேரைப் பார்த்து மட்டும் வாங்கினா ஏமாந்துடுவோம்.

கோலெட்னா லேத் தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும். நாலாப் பிளந்த விரல் மாதிரி. பிரெஸ்ஸை இழுத்தா ஷெல் ஹோல்டர் கோலெட்டையே மேல தள்ளும், சரிவுல ஏறி விரல் நாலும் மூடி, கூட்டோட வாயைப் பக்கவாட்டுல கவ்வும். கூட்டை மேலிருந்து கீழே யாரும் அழுத்தலை, அதனால தோள் வீங்க வழியில்லை. கூடு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பிடி ஒரே மாதிரி. 2.039-ஐத் தாண்டினதை மட்டும் வெட்டிட்டாப் போதும். தாத்தாவுக்கு இதுதான்னு முடிவாச்சு.

வாங்கினோம். வந்ததும் அடுத்த சிக்கல். குண்டை உட்கார வைக்க இன்னமும் பாட்டியோட டைதான் வேணும். ஆனா அது மடக்கவும் செய்யுமே. மடக்காம இருக்கணும்னா டையைக் கொஞ்சம் மேல தூக்கணும். அதுக்கு லாக் ரிங்கைத் தளர்த்தணும். சிவப்புக் கோடு போயிடும்.

தாத்தா எதுவும் சொல்லலை, ஆனா ஆலன் கீயை என் கையில கொடுக்கவும் இல்லை.

லாக் ரிங்குக்கு அடியில ஒரு வளையம் வெச்சா? ரிங்கைத் தொடாமலே டை முழுசும் வளையத்தோட கனத்துக்கு மேல ஏறிடும். மடக்கற விளிம்பு எட்டாது. குண்டைத் தள்ளற நடுத்தண்டை மட்டும் அதே அளவு கீழே இறக்கினாப் போதும், அதுக்கு வேற திருகு. டையோட மரை 7/8 அங்குலம், அதாவது 22.2 மிமீ சொச்சம். உள்விட்டம் 22.5, கனம் ஒன்றரை மிமீ. பக்கத்து வீட்டுக்காரர் கராஜ்ல சின்ன லேத் வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில வாட்ஸப் வீடியோவுல அப்பாவை ஸ்டாண்டுல நிறுத்திக்கிட்டு, பித்தளைத் தடியில வளையம் போட்டேன். "ஃபேஸிங் ரெண்டு பக்கமும் ஓட்டு கண்ணு, ஒரு பக்கம் தடிச்சா குண்டு கோணலாப் போகும்"னார். 'குண்டு'ன்னு அவர் சொன்னப்பதான் அவருக்கு முதல்லயே எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. :-)

முதல்ல மருந்தும் ப்ரைமரும் இல்லாத பொம்மைத் தோட்டா மூணு. புது டையை, ஷெல் ஹோல்டர் முழுசா மேல இருக்கறப்ப தொடற வரைக்கும் திருகி, அதுக்கு மேல அரைச் சுத்து. நீளத்தை அளந்தோம். மேஜை விளிம்புல மூக்கை வெச்சு நல்லா அழுத்தினோம். நகரலை. அதுக்கு அப்புறம் நிஜத் தோட்டா. மருந்தளவு அச்சிட்ட கையேட்டுல இருந்து தாத்தாவே எடுத்தார், தராசு எண்ணை நான் ரெண்டு தடவை உரக்கப் படிச்சேன். அந்த எண்ணை இங்க எழுத மாட்டேன், கேக்காதீங்க. சுடுமைதானத்துல குழாய்ல ஆறு போட்டு, நாலு சுட்டு, மிச்ச ரெண்டையும் வெளியே எடுத்து அளந்தேன். உள்ள போறப்ப 2.535, வெளியே வந்தப்ப ஒண்ணு 2.535, இன்னொண்ணு 2.534. அந்த ஒரு தவ் என் கை நடுக்கமாக்கூட இருக்கலாம், அவ்வளவு குளிர்.

சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி தாத்தா ஆரஞ்சு சட்டையோட கிளம்பினார். மகள் வந்து கூட்டிட்டுப் போனாங்க. ஒன்பது நாள்ல நாலு நாள் போனார். ஒண்ணும் சுடலை. ஒரு நாள் ஒரு பெட்டை மான் குட்டியோட வந்து நின்னுச்சாம், பார்த்துக்கிட்டே இருந்தாராம். கடைசி நாள் வந்து அஞ்சு தோட்டாவையும் மேஜை மேல வெச்சு, "அளந்து பாரு"ன்னார். அளந்தேன். நகரலை.

அப்புறம் பாட்டியோட நோட்டைத் திறந்து, அவங்க எழுதின கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை என்கிட்ட நீட்டினார். இந்த வருஷத்தை நீ எழுதுன்னார். வளையம், ஒன்றரை மிமீ. நடுத்தண்டு இத்தனை சுத்து. புது டை, தொட்டதுக்கு மேல அரைச் சுத்து. இதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி, மேலே முதல் வரியா, அவங்க எழுதற மாதிரியே 'ட்ரிம்'னு போட்டேன்.

பி.கு: அப்பாகிட்ட எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னேன். "கூலி என்ன கண்ணு குடுத்தாரு?"ன்னு கேட்டார். ஆப்பிள் பை, முழுசா ஒண்ணு. "பரவால்ல, நம்ம ஊர்ல இப்பல்லாம் அதுகூட வர்றதில்ல"ன்னார்.